இடிப்பதற்கு முன் அந்தக் கல்லைப் படியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன வாரம் உங்கள் மாவட்டப் பக்கத்தில் எங்கள் ஊர் பழைய தண்ணீர் டேங்க்கின் படம் போட்டு, எந்த நேரமும் சாயும் நிலையில் இருப்பதாகச் செய்தி வந்திருந்தது. அதை இடிக்க வேண்டும் என்று ஊரில் பேச்சும் நடக்கிறது. படத்தில் டேங்க் கிழக்கே சாய்ந்த மாதிரிதான் தெரிகிறது. ஆனால் அதே படத்தில் பக்கத்திலிருக்கும் கரண்ட் கம்பமும் சாய்ந்திருக்கிறது, எதிர்வரிசை மெடிக்கல் ஷாப்பும் சாய்ந்திருக்கிறது. எடுத்தவர் பைக்கை விட்டு இறங்காமலே எடுத்திருப்பார் போல. மறுநாள் காலையில் தெரிந்த கொத்தனாரிடம் தூக்குக்குண்டு இரவல் வாங்கிப்போய், எட்டுத் தூண்களில் நான்கில் பிடித்துப் பார்த்தேன். நூலுக்கும் தூணுக்கும் உள்ள இடைவெளி மேலேயும் கீழேயும் ஒன்றுதான்.

இதைச் சொல்ல எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். அந்த டேங்க்கில் 1983 முதல் 2019 வரை பம்ப் ஆபரேட்டராக இருந்தேன். வால்வு திறக்கிற சாவி 36 வருடம் என் இடுப்பில் இருந்தது. ஊர்ப்பெயரை உறையின் பின்புறம் எழுதியிருக்கிறேன், அச்சில் வேண்டாம். கும்பகோணத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் ஓர் ஆற்றங்கரை ஊர் என்று போட்டால் போதும். என் பென்ஷன் காகிதம் இன்னும் நான் வேலை பார்த்த அலுவலகத்து மேசை வழியாகத்தான் நகர வேண்டியிருக்கிறது. தெரிந்தவர்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும், அது வேறு.

பழுதே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வடமேற்குத் தூணில், தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு மேல், ஒரு முழ நீளத்துக்குப் பூச்சும் கான்கிரீட்டும் பெயர்ந்து கம்பி தெரிகிறது. கம்பி துருப்பிடித்தால் உப்பும். உப்பினால் மேலே மூடியிருக்கிற கான்கிரீட்டை வெடிக்க வைக்கும். போன ஐப்பசி மழையில் அப்படி வெடித்த ஒரு சில்லு டீக்கடைத் தகரத்தில் விழுந்தது. காலை நேரம், நல்லவேளை, பெஞ்சில் யாரும் இல்லை. எதிரே ஆரம்பப் பள்ளி இருக்கிறது. என் மருமகளே பேரனை அந்த வழியாகக் கூட்டிப்போகாமல் தேரடியைச் சுற்றித்தான் போகிறாள். இடிக்கச் சொல்கிறவர்கள் எல்லாரையும் எதிரிகள் மாதிரி பேசினால் அது நியாயமில்லை. பிள்ளை வைத்திருப்பவர்களுக்குப் பயம் இருக்கும்.

ஆனால் இந்தப் பழுதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அதிகாரிகள் வந்தார்கள், அண்ணாந்து பார்த்தார்கள், 'பழுதடைந்த கட்டடம், அருகில் செல்லாதீர்' என்று சிவப்பில் எழுதிவிட்டுப் போனார்கள். அப்புறம் அந்த இடத்தில் கடைகள் கட்டப்போவதாகப் பேச்சு வந்தது. பழுது முதலில் வந்ததா, கடை யோசனை முதலில் வந்ததா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

எங்கள் டேங்க் இருபதாயிரம் காலன் கொள்ளளவு. லிட்டர் கணக்கில் சுமார் 90 ஆயிரம். கொள்ளிடத்துக் கூட்டுக் குடிநீர் வந்து, வாரச்சந்தைத் திடலில் 5 லட்சம் லிட்டர் புது டேங்க் கட்டியதும் இதற்கு வேலை இல்லாமல் போனது. 90 ஆயிரம் லிட்டர் என்றால் 90 டன். பத்து டன் ஏற்றுகிற லாரி ஒன்பதை அந்த எட்டுத் தூண்களும் இத்தனை வருடம் ராத்திரி பகலாகத் தூக்கிக்கொண்டு நின்றன. இப்போது உள்ளே ஒரு சொட்டு இல்லை. சுமை இறக்கி வைத்த தூண்களைத்தான் நாளைக்கே விழும் என்கிறார்கள்.

நான் படித்தது பத்தாம் வகுப்பு. ஆனால் அந்தத் தொட்டியின் அடிப்பக்கம் ஏன் அப்படியொரு வடிவத்தில் இருக்கிறது என்று ஒரு பொறியாளர் எனக்கு விளக்கியிருக்கிறார். கீழே நின்று பார்த்தால் ஓரமெல்லாம் புனல் மாதிரி சரிந்து வரும். நடுவில் மட்டும் கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல மேல்நோக்கிக் குழிந்திருக்கும். தண்ணீர் பாரத்தில் ஓரச் சரிவு உள்பக்கமாகத் தள்ளும், நடுக்கிண்ணம் வெளிப்பக்கமாகத் தள்ளும். இரண்டும் சேருகிற இடத்தில் தூண்களின் தலைமேல் ஒரு வளையம் ஓடுகிறது. இரண்டு தள்ளும் அங்கே ஒன்றையொன்று அடக்கிக்கொள்ளும். ஓட்டோ இன்ட்சே என்ற ஜெர்மன் பேராசிரியர் 19ஆம் நூற்றாண்டில் கண்டுபிடித்த முறை, அதனால் இதற்கு இன்ட்சே டேங்க் என்றே பெயர். மாமனாரும் மாமியாரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தாலும் குடும்பம் நிற்கிற மாதிரி என்று அந்தப் பொறியாளர் சொன்னார். அவர் வீட்டு நிலவரம் எனக்குத் தெரியாது.

தொட்டியின் வெளிப்புறத்தில் அடிக்கணக்கு எழுதிய பலகையும் அதில் ஒரு முள்ளும் உண்டு. உள்ளே மிதவை, அதிலிருந்து கப்பி வழியாக ஒரு கம்பி, கம்பியின் நுனியில் முள். உள்ளே தண்ணீர் ஏறினால் வெளியே முள் இறங்கும். தண்ணீர் இறங்கினால் முள் ஏறும். புதிதாக வாக்கப்பட்டு வந்த பெண்கள் முள் உச்சியில் நிற்பதைப் பார்த்து டேங்க் நிறைந்திருக்கிறது என்று துணி ஊறவைத்துவிட்டு, குழாயில் காற்று வருகிறபோது என்னைத் திட்டுவார்கள். ஆறு மாதத்தில் பழகிவிடும். அதற்கப்புறம் மாடியில் வடகம் காயப்போடுகிறபோதே முள்ளைப் பார்த்து, 'அண்ணே, இன்னும் ரெண்டடிதான் இருக்கு, மோட்டார் போடலையா' என்று எனக்கே கணக்குச் சொல்வார்கள். இன்றைக்கும் அந்த முள் இருக்கிறது. கம்பி அறுந்து, பலகையின் அடியில் கிடக்கிறது. முள் அடியில் இருந்தால் டேங்க் நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். பழகிய கண்ணுக்கு இன்றும் ஒரு கணம் அப்படித்தான் தெரிகிறது.

மாதம் இரண்டு முறை உள்ளே இறங்கிக் கழுவுவோம். 90 ஆயிரம் லிட்டருக்கு, ஆயிரத்துக்கு 4 கிராம் வீதம், 360 கிராம் பிளீச்சிங் பவுடரை வாளியில் கரைத்துத் தெளிய வைத்து மேல் தண்ணீரை மட்டும் ஊற்றுவோம். கடைசித் தெருக் குழாயில் பிடித்து, குளோரின் இருக்கிறதா என்று காட்டுகிற மருந்தை விட்டால் லேசாக மஞ்சள் தட்ட வேண்டும். அது வராவிட்டால் தூக்கம் வராது.

மூடி வழியாக வெளியே தலையை நீட்டினால் ஊர் முழுக்கத் தெரியும். கோபுரம், ரயில் பாதை, ஆறு. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால், கல்லணை திறந்து எங்கள் ஆற்றுக்குத் தண்ணீர் வந்து சேரச் சில நாள் ஆகும். நான்கைந்து முறை அந்த நாளில் சரியாக நான் மேலே இருந்திருக்கிறேன். வெள்ளை மணலில் ஒரு பழுப்புக் கோடு வளைந்து வளைந்து வரும். முன்னால் நுரையும் சருகும், இரண்டு பக்கமும் நாய்களும் பிள்ளைகளும். பக்கவாட்டு ஓட்டைகளில் புகுந்து கொஞ்ச நேரம் நின்று, அப்புறம் மறுபடி கிளம்பும். கீழே இறங்கி டீக்கடையில், 'தண்ணி மதகுக்கு வந்திருச்சு' என்று சொல்வதில் எனக்கு ஒரு பெருமை.

சரி, பழங்கதை போதும் என்பீர்கள். ஆனால் இன்னொரு கதை இந்த விவகாரத்தில் முக்கியம்.

அந்த டேங்க் கட்டியபோது சாரத்தில் கலவைச் சட்டி தூக்கியவர் என் தாத்தா. அவர் தம்பி மேட்டூர் அணை வேலைக்குப் போனார். உள்ளூரிலேயே வேலை கிடைத்துவிட்டதால் தாத்தா போகவில்லை. அதற்கு முன்னால் கோடையில் ஆற்று மணலில் ஊற்று தோண்டி, சிரட்டையால் மொண்டு, துணியில் வடிகட்டிக் குடத்தில் ஊற்றுவார்கள். அந்த ஊற்றிலும் ஆளுக்கொரு இடம் இருந்தது. எங்கள் தெருப் பெண்கள் கீழ்க்கடைசியில்தான் தோண்டலாம். டேங்க் வந்த பிறகு நான்கு வீதிகளிலும் குழாய் போட்டார்கள், எங்கள் தெருவுக்குப் போடவில்லை. சட்டி தூக்கியவர் வீட்டுக்கு அந்தத் தண்ணீர் வந்து சேர்ந்தது என் அப்பா காலத்தில். அதுவரை என் பாட்டி மேலவீதிக் குழாய்க்குப் பத்தடி தள்ளிக் குடத்தை வைத்துவிட்டு, யாராவது ஊற்றுவார்களா என்று நின்றிருக்கிறார். 1983-இல் அந்த டேங்க்கின் சாவி அவர் பேரன் கைக்கு வந்தது. முதல் நாள் பாட்டி வந்து தூணைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். ஊர்ப் பெருமை என்று கூட்டத்தில் பேசுகிறவர்களோடு நானும் சேர்ந்துதான் மனுவில் கையெழுத்துப் போட்டேன். என் காரணம் இது.

இப்போது அந்தக் கல்லுக்கு வருகிறேன். ஏணி தொடங்குகிற தூணில், ஆள் உயரத்துக்கு மேல், ஒரு முழத்துக்கு ஒரு முழம் சலவைக்கல் பதித்திருக்கிறது. ஆங்கிலத்தில் ஆறேழு வரி. கடைசி வரியில் ஆண்டு. இன்று போய்ப் பார்த்தால் தூணில் ஒரு சதுர வீக்கம்தான் தெரியும். மேலே சுவரொட்டிப் பசை, அதற்குக் கீழே சுண்ணாம்பு, அதற்கும் கீழே சுண்ணாம்பு. முதல் சுண்ணாம்பு அடித்தது நான்தான். பெரிய மனிதர் ஒருவர் வருகிறார் என்று, தெரிகிற இடமெல்லாம் வெள்ளையடிக்கச் சொன்னார்கள். கல்லை விட்டுவிட்டு அடிக்கட்டுமா என்று கேட்டேன். எல்லாவற்றையும் அடி என்றார்கள். மட்டையை முக்கி இரண்டு இழுப்பு இழுத்தேன், எழுத்து போய்விட்டது. வருவதாகச் சொன்னவர் அன்றைக்கு வரவும் இல்லை.

அதைப் பல வருடம் தினமும் பார்த்திருக்கிறேன், ஆனால் ஆண்டு என்ன என்று மனதில் பதியவில்லை. தினமும் பார்க்கிற சுவர்க் காலண்டரில் என்ன படம் இருக்கிறது என்று கேட்டால் சொல்ல முடியாத மாதிரிதான். தாத்தா கணக்கு ஒன்றுதான் மிச்சம். மேட்டூர் வேலை 1925-இல் தொடங்கி 1934-இல் முடிந்தது. டேங்க் வேலையும் அதற்கு நடுவில் ஏதோ ஓர் ஆண்டில் நடந்திருக்கிறது.

இதில் என்ன பெரிய விஷயம் என்றால், 1958-ஆம் ஆண்டின் மத்தியத் தொல்லியல் சட்டப்படி ஒரு கட்டடம் பழமைச் சின்னம் ஆவதற்குக் குறைந்தது 100 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். எங்கள் டேங்க் 1925 என்றால் தாண்டிவிட்டது. 1934 என்றால் இன்னும் தாண்டவில்லை. அது அந்தக் கல்லுக்கு மட்டும்தான் தெரியும். நூறு ஆண்டு ஆனதெல்லாம் சின்னமாகிவிடாது, அது எனக்கும் தெரியும். 2012-இல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் என்று ஒன்றும் இயற்றப்பட்டிருக்கிறது. தொல்லியல் சட்டங்களுக்குள் வராத கட்டடங்களுக்கென்றே வந்தது அது. எந்தக் கதவைத் தட்டினாலும் முதல் கேள்வி எப்போது கட்டியது என்பதுதான். நாங்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேட்டோம். அந்தக் காலத்து ஆவணம் கைவசம் இல்லை என்று பதில் வந்தது. திங்கட்கிழமை மனுநீதி நாளில் இருநூற்றுச் சொச்சம் கையெழுத்தோடு மனு கொடுத்தோம். சீட்டு கொடுத்தார்கள். சீட்டு பத்திரமாக இருக்கிறது.

நாங்கள் என்றால் பெரிய அமைப்பு ஒன்றும் இல்லை. ஓய்வு பெற்ற டிராயிங் மாஸ்டர் ஒருவர், மெடிக்கல் ஷாப்காரர், பாலிடெக்னிக்கில் சிவில் படிக்கிற ஒரு பையன், நான். தகரத்தில் சில்லு விழுந்த டீக்கடைக்காரரும் இப்போது வருகிறார். டேங்க்கை இடித்தால் கடையையும் எடுக்கச் சொல்வார்கள் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அவர் காரணம் அவருக்கு.

தொட்டியெல்லாம் ஒரு பாரம்பரியமா என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். கல்கத்தாவில் டாலா டேங்க் என்று இரும்பில் ஒன்று இருக்கிறது. 1911-இல் பயன்பாட்டுக்கு வந்தது. 90 லட்சம் காலன் பிடிக்கும். உள்ளே நான்கு அறைகள் இருப்பதால், ஓர் அறையை மூடிச் சரிசெய்துகொண்டே மற்ற அறைகளிலிருந்து ஊருக்குத் தண்ணீர் விட்டார்கள். நூறு வருடத்துக்கு மேலான அதையே செப்பனிட்டு ஓட்டுகிறார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். தஞ்சாவூரில் செவ்வப்பநாயக்கன் ஏரியிலிருந்து சிவகங்கைக் குளம், அங்கிருந்து அய்யன்குளம் என்று மண்ணுக்கடியில் ஓடிய பழைய நீர்வழியைச் சில வருடங்களுக்கு முன் தோண்டிக் கண்டுபிடித்துத் துப்புரவு செய்தார்கள். அய்யன்குளத்தில் தண்ணீர் நின்றதைப் பார்க்க நானே பஸ் ஏறிப் போனேன். புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருக்கிற ஆயி மண்டபம், நகரத்துக்குத் தண்ணீர் வந்ததன் ஞாபகத்துக்குக் கட்டியதுதான். கோயில் குளத்துக்குத் தெப்பம் விடுகிற டெல்டாவில், குழாய்த் தண்ணீருக்கு மட்டும் வரலாறு கிடையாது என்று யார் சொன்னது?

கஜா புயலைச் சொல்லாமல் விட முடியாது. எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர் ஒரு விதி சொல்வார்: புயல் என்றால் முதலில் டேங்க்கை நிரப்பு, வெறும் டேங்க்தான் ஆடும். 1977 நவம்பரில் நாகப்பட்டினத்தில் கரை கடந்த புயலுக்கு அவர் அப்படித்தான் செய்தாராம். 2018 நவம்பர் 15 சாயங்காலம் கரண்டை எப்போது நிறுத்துவார்கள் என்று தெரியாமல் மோட்டாரைப் போட்டுவிட்டு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முள் அடியைத் தொட்டு ஒரு மணி நேரத்துக்குள் கரண்ட் போனது. விடிவதற்குள் ஊரில் தென்னையில்லை, கம்பமில்லை. டேங்க் நின்றது. காலையில் மரங்களைத் தாண்டித் தாண்டிப் போய், தெருவுக்கு இருபது நிமிடம் என்று வால்வு திறந்தேன். கரண்ட் வேண்டாம், டீசல் வேண்டாம். பத்து மீட்டர் உயரத்துக்கு ஒரு கிலோ அழுத்தம் என்று கணக்கு, தண்ணீர் அது பாட்டுக்கு இறங்கி வந்தது. இரண்டு நாள் ஊரே அதைக் குடித்தது. மூன்றாம் நாள்தான் ஜெனரேட்டர் வாடகைக்குக் கிடைத்தது.

பெரியவர் சொன்ன அந்த விதி எனக்கே எதிராகவும் நிற்கிறது என்பதை ஒத்துக்கொள்கிறேன். இப்போது டேங்க் காலி. தூணுக்குச் சுமை குறைவு என்றேன், ஆனால் காற்றுக்கு முன்னால் வெறும் டேங்க் லேசு. இரண்டில் எது கனம் என்று சொல்ல வேண்டியது பம்ப் ஆபரேட்டரின் வேலை இல்லை. அதனால்தான் சோதனை கேட்கிறோம். கான்கிரீட்டில் தட்டிப் பார்க்க ரீபவுண்ட் ஹாமர் இருக்கிறது, ஒலி அனுப்பி உள் வெடிப்பைப் பார்க்கிற கருவி இருக்கிறது, சின்னதாக ஒரு துண்டு அறுத்தெடுத்து நசுக்கிப் பார்க்கலாம். பொறியியல் கல்லூரிகள் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ உண்டு. சோதித்துவிட்டு, தேறாது என்று ஒரு பொறியாளர் கையெழுத்துப் போட்டுச் சொல்லட்டும், நான் வாயை மூடிக்கொள்கிறேன். தேறும் என்றால் துருவைச் சுரண்டி, கம்பிக்கு மருந்தடித்து, பெயர்ந்த இடத்தை நிரப்பி, தண்ணீர் இல்லாமலே நிற்க விடலாம். அதுவரை கீழே நான்கு பக்கமும் வேலி போட்டு, பள்ளிப் பக்கம் வலை கட்டட்டும். இதற்கு யாரும் மறுப்புச் சொல்ல மாட்டார்கள். என் மருமகளும்.

அதற்கெல்லாம் முன்னால் ஒரு சின்ன அனுமதி வேண்டும். பாதுகாப்பு என்று சொல்லி இப்போது என்னையும் உள்ளே விடுவதில்லை. தூக்குக்குண்டு பிடிக்கப் போனதற்கே காவலாளித் தம்பி சத்தம் போட்டார். அந்தக் கல்லின் மேலிருக்கிற சுண்ணாம்பை நானே எடுத்துவிடுகிறேன். உளி வேண்டாம், கல் கீறும். வெந்நீரில் நனைத்த சாக்கைப் போட்டு ஊறவிட்டு, தேங்காய் நாரால் தேய்த்தாலே பாளம் பாளமாக வந்துவிடும். டிராயிங் மாஸ்டர் எழுத்தின் மேல் காகிதம் வைத்துப் படி எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார். உங்கள் நிருபரும் வரலாம், படத்தை நேராகப் பிடித்து எடுக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை காலை என்றால் பள்ளிக்கூடமும் இருக்காது. ஒரு மணி நேரம் போதும், ஏணி என்னிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற பம்ப் ஆபரேட்டர்
(பெயரும் முகவரியும் உறையில்)